நம்ம ரத்தமே நமக்கு மருந்தா? – பல்லும் பிளேட்லெட்டும், ஒரு குட்டி வரலாறு

"பல்லு போனா சொல்லு போச்சு"ன்னு ஒரு பழமொழி நம்ம எல்லாருக்கும் தெரியும். சொல்லு மட்டுமா போச்சு? முறுக்கு போச்சு, கரும்பு போச்சு, வேர்க்கடலை போச்சு. வேர்க்கடலை விளையற திருவண்ணாமலை ஜில்லாவுல பொறந்துட்டு அதைக் கடிக்க முடியலைன்னா எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

எங்க அம்மாவுக்கு அந்த நிலைமைதான். கீழ்த்தாடையில ரெண்டு கடைவாய்ப் பல் போய் வருஷக்கணக்கா ஆச்சு. இம்ப்ளான்ட் வெச்சுக்கலாம்னு முடிவானதும், ஊர்ல பார்த்த பல் டாக்டர் கூடவே இன்னொண்ணும் சொன்னார். "உங்க கையிலேர்ந்தே கொஞ்சம் ரத்தம் எடுத்து, மெஷின்ல சுத்தி, அதுல வர்ற ஜவ்வை இம்ப்ளான்ட் வைக்கிற குழியில போடலாம். சீக்கிரம் ஆறும். தனி சார்ஜ்." அம்மா எனக்கு போன் பண்ணிக் கேட்ட கேள்வி ஒண்ணே ஒண்ணுதான்: "ஏண்டா, கையில இருக்கற ரத்தமும் வாயில இருக்கற ரத்தமும் ஒண்ணுதானே? பல்லைப் புடுங்கினா தானா ரத்தம் வருதே, அதுல இல்லாதது இதுல என்ன இருக்கு?"

நியாயமான கேள்வி. இதுக்குப் பதில் தேடப்போனப்பதான் இதுக்குப் பின்னாடி ஒரு நூற்றாண்டுக் கதை இருக்குன்னு தெரிஞ்சது. அதைத்தான் இங்கே எழுதப் போறேன்.

முதல்ல கண்ணப்பர்

எந்தப் பெரிய சிவன் கோயிலுக்குப் போனாலும் பிரகாரத்துல அறுபத்து மூவர் வரிசையா நிப்பாங்க. அதுல கண்ணப்பரைத் தேடுங்க. காளத்தியில லிங்கத்தோட கண்ணுல ரத்தம் வழிஞ்சப்போ அவர் முதல்ல காட்டு மூலிகைகளைத் தேடிக் கொண்டுவந்து பிழிஞ்சு பார்த்தார். நிக்கலை. அப்புறம்தான் சதைக்குச் சதைதான் மருந்துன்னு பெரியவங்க சொன்னது ஞாபகம் வந்து, தன் கண்ணையே எடுத்து அப்பினார். ரத்தம் நின்னுச்சு. அடுத்த கண்ணுல வழிய ஆரம்பிச்சதும் அவர் பதறலை. மருந்துதான் தெரிஞ்சுபோச்சே!

உடம்பில் ஏற்பட்ட சேதத்துக்கு உடம்பிலிருந்தே மருந்து என்ற எண்ணம் நமக்கு அந்நியமில்லைன்னு சொல்லத்தான் இதைச் சொன்னேன். "எல்லாம் அப்பவே கண்டுபுடிச்சுட்டோம்"னு சொல்ல வரலை :-) பக்தியில ஒரு தடவை பலிச்சாப் போதும். மருத்துவத்துல அது போதாது. அந்த வித்தியாசம்தான் இந்தப் பதிவோட மையமே.

தூசி என்று நினைத்தது

டெங்கு சீசன்ல எல்லாரும் கேக்கற முதல் கேள்வி "பிளேட்லெட் எவ்வளவு?" ஒரு மைக்ரோ லிட்டர் ரத்தத்துல ஒன்றரை லட்சத்திலிருந்து நாலரை லட்சம் வரை இருக்கணும். ஆனா இந்தச் சின்னத் தட்டுகளை ரொம்ப நாள் யாரும் மதிக்கவே இல்லை. நுண்ணோக்கியில் தெரியற தூசி, உடைஞ்ச துணுக்குன்னு ஒதுக்கி வெச்சாங்க. 1882-ல் இத்தாலிக்காரர் ஜூலியோ பிஸ்ஸோஸெரோதான் இது ரத்தத்தின் தனி உறுப்பு, ரத்தம் உறையறதுல இதுக்குப் பங்கு இருக்குன்னு தெளிவா காட்டினார்.

அதுக்கப்புறமும் தொண்ணூறு வருஷம், பிளேட்லெட்னா ஓட்டையை அடைக்கிற சிமென்ட்னுதான் நினைப்பு. 1974-ல் அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில் ரஸ்ஸல் ராஸ் குழுவினர் ஒரு விஷயத்தைக் கவனிச்சாங்க. ஆய்வுக்கூடத்தில் செல்களை வளர்க்கும்போது, உறைஞ்ச ரத்தத்திலிருந்து எடுத்த சீரத்தை ஊத்தினா செல்கள் செழிப்பா பெருகுது. உறையாத ரத்தத்திலிருந்து பிரிச்ச பிளாஸ்மாவை ஊத்தினா பெருகலை. ரெண்டும் ஒரே ரத்தம்தான். அப்ப என்ன வித்தியாசம்? உறையும்போது பிளேட்லெட்டுகள் உள்ளே வெச்சிருந்த சரக்கைக் கொட்டிடுது. அந்தச் சரக்குதான் "இங்கே காயம், வாங்க, பெருகுங்க"ன்னு செல்களைக் கூப்பிடுது. அதுக்கு பி.டி.ஜி.எஃப். அதாவது பிளேட்லெட்டிலிருந்து வரும் வளர்ச்சிக் காரணின்னு பேர் வெச்சாங்க.

ஆக பிளேட்லெட் சிமென்ட் மட்டும் இல்லை, மேஸ்திரியும்கூட.

டைட்டானியம் பக்கம்

இந்தப் பக்கம் இன்னொரு கதை ஓடிட்டிருந்தது. 1952-ல் ஸ்வீடன்ல பெர்-இங்வார் பிரானமார்க் என்பவர் முயலின் கால் எலும்புக்குள்ள ரத்த ஓட்டத்தைப் பார்க்க டைட்டானியத்தில் ஒரு குட்டி அறை செஞ்சு பொருத்தினார். ஆராய்ச்சி முடிஞ்சு கழட்டப் பார்த்தா, வரலை. எலும்பு அதைத் தன் சொந்தமா நினைச்சுப் புடிச்சுக்கிட்டது. தேடிப்போனது ஒண்ணு, கிடைச்சது வேறொண்ணு. (நம்ம சென்னையில் அரசு பல் மருத்துவக் கல்லூரி ஆரம்பிச்சது அதுக்கு அடுத்த வருஷம், 1953-ல்.)

1965-ல் யோஸ்தா லார்சன் என்பவர் வாயில் முதல் டைட்டானிய இம்ப்ளான்ட் போனது. ஆனா பல் மருத்துவ உலகம் லேசுல நம்பலை. 1982-ல் டொரான்டோவில் ஜார்ஜ் ஸார்ப் கூட்டிய மாநாட்டுக்கு அப்புறம்தான் வட அமெரிக்கா ஏத்துக்கிட்டது. முதல் பரிசோதனைக்கும் அதுக்கும் நடுவுல முப்பது வருஷம்!

பிரானமார்க் முறையில் முக்கியமான சமாச்சாரம் காத்திருப்பு. கீழ்த்தாடைன்னா மூணு மாசம், மேல்தாடைன்னா ஆறு மாசம், இம்ப்ளான்ட் மேல எந்தச் சுமையும் ஏத்தாம விடணும். ஏன்னா வெச்ச அன்னிக்கு இம்ப்ளான்ட் சுவத்துல அடிச்ச ஸ்க்ரூ மாதிரி இறுக்கமாத்தான் இருக்கும். அடுத்த சில வாரங்கள்ல சுத்தி இருக்கற பழைய எலும்பு கொஞ்சம் கரையும், புது எலும்பு இன்னும் வந்திருக்காது. மூணாவது நாலாவது வாரம்தான் ரொம்ப பலவீனமான நேரம். அந்தப் பள்ளத்தைச் சீக்கிரம் தாண்டிட முடியுமா? இங்கேதான் ரத்தக் கதையும் பல் கதையும் சந்திக்குது.

ஏன் சொந்த ரத்தம்?

1970-ல் வியன்னாவில் ஹெலெனே மாத்ராஸ் எலிகளோட தோல் காயத்தை ஒட்ட ஃபைப்ரினைப் பசையாப் பயன்படுத்திப் பார்த்தார். ஃபைப்ரின்னா ரத்தம் உறையும்போது உருவாகும் நூல் வலை. ஐரோப்பாவில் இந்த ஃபைப்ரின் பசை கடைச் சரக்காவே வந்தது. ஆனா பல பேர் கொடுத்த ரத்தத்தைச் சேர்த்துச் செய்யற பொருள். மஞ்சள் காமாலை பயம், பின்னாடி எய்ட்ஸ் பயம். "அடுத்தவன் ரத்தம் வேண்டாம், நோயாளியோட ரத்தத்திலேர்ந்தே செஞ்சா என்ன?" என்ற யோசனைக்கு இந்தப் பயம்தான் பெரிய உந்துதல். 1990-களில் தாடை அறுவை நிபுணர்கள் அந்தப் பாதையில இறங்கினாங்க.

1998-ல் மயாமி பல்கலைக்கழகத்தின் ராபர்ட் மார்க்ஸ் குழுவோட கட்டுரை வந்தது. கட்டி அகற்றியதில் கீழ்த்தாடை எலும்பு நீளமா போயிட்டவங்க 88 பேர். எல்லாருக்கும் அவங்க எலும்பையே எடுத்து வெச்சுக் கட்டினாங்க. ஒரு பகுதியினருக்கு அதோட பிளேட்லெட் செறிந்த பிளாஸ்மாவும் (பி.ஆர்.பி.) கலந்தாங்க. ஆறு மாசம் கழிச்சுப் பார்த்தா, கலந்தவங்களுக்கு எலும்பு அடர்த்தி சுமார் 74 சதவீதம், கலக்காதவங்களுக்கு சுமார் 55 சதவீதம். பல் உலகமே திரும்பிப் பார்த்தது. இன்னிக்கு மூட்டு வலிக்கும் முடி கொட்டறதுக்கும் ஊர் ஊருக்கு பி.ஆர்.பி. போர்டு தொங்குதே, அதுக்கெல்லாம் இந்தக் கட்டுரை ஒரு பெரிய திருப்புமுனை. 1999-ல் ஸ்பெயின்ல எடுவார்டோ அனிதுவா பல் புடுங்கின குழிகளுக்குத் தன் வடிவத்தைக் கொண்டுவந்தார்.

ஆனா பி.ஆர்.பி. செய்யறது லேசுப்பட்ட காரியமில்லை. ரத்தம் உறையாம இருக்க மருந்து சேர்க்கணும். ரெண்டு தடவை சுத்தணும். அப்புறம் திரும்ப உறைய வைக்க கால்சியமும் மாட்டு ரத்தத்திலிருந்து எடுத்த த்ராம்பினும் சேர்க்கணும். இந்த மாட்டு த்ராம்பின் சிலரோட உடம்புல எதிர்ப்பைக் கிளப்பி, அவங்க ரத்தம் உறையறதையே கெடுத்ததா அறுவை சிகிச்சை உலகத்துல பதிவாகி இருந்தது. "சொந்த ரத்தம்"னு சொல்லிட்டு நடுவுல மாடு வந்து நின்னா? :-(

மயக்க மருந்து டாக்டரின் சுருக்கு வழி

பிரான்ஸ்ல ரத்தத்தில் எதையாவது சேர்த்து மறுபடி நோயாளிக்கு வைக்கறதுக்குச் சட்டக் கெடுபிடி அதிகம். நீஸ் நகரத்தில் ஜோசஃப் ஷுக்ரூன்னு ஒரு டாக்டர். பல் டாக்டர் இல்லை, மயக்க மருந்து நிபுணர். அவர் யோசிச்சது நம்ம பாஷையில சொன்னா, கோடு எழுதறதை விட கோடை நீக்கறது. எதையுமே சேர்க்காதே! வெறும் கண்ணாடிக் குழாய்ல ரத்தத்தை எடு, உடனே மெஷின்ல போட்டுச் சுத்து. கண்ணாடி பட்டதும் ரத்தம் தானா உறைய ஆரம்பிக்கும். அது உறையறதும் மெஷின் பிரிக்கறதும் ஒரே நேரத்துல நடக்கும்.

குழாயை வெளியே எடுத்தா மூணு அடுக்கு. அடியில சிவப்பணு. மேல தெளிவான மஞ்சள் தண்ணி. நடுவுல இளநீர் வழுக்கை மாதிரி ஒரு கட்டி. அந்த வழுக்கைதான் பிளேட்லெட் செறிந்த ஃபைப்ரின், பி.ஆர்.எஃப். அதை லேசா அழுத்தினா ஜவ்வு மாதிரி ஆயிடும். தையல்கூடப் போடலாம்.

2001-ல் பிரெஞ்சு மொழியில் அவர் எழுதினார். 2006-ல் இங்கிலீஷ்ல அஞ்சு பாகமா கட்டுரைத் தொடர் வந்தப்புறம் உலகம் முழுக்கப் பரவிடுச்சு. பி.ஆர்.பி. தன் சரக்கோட பெரும்பகுதியை முதல் நாளே கொட்டிடும். பி.ஆர்.எஃப்.-ல ஃபைப்ரின் வலை புடிச்சு வெச்சு ஒரு வாரத்துக்கு மேல கொஞ்சம் கொஞ்சமா விடும்.

அம்மா கேட்ட கேள்விக்குப் பதிலும் இதுதான். கை ரத்தமும் வாய் ரத்தமும் ஒண்ணேதான். ஆனா பல் குழியில உறையற ரத்தத்துல பெரும்பங்கு சிவப்பணு. சுத்தி எடுத்த ஜவ்வுல சிவப்பணுவை ஒதுக்கிட்டு, பிளேட்லெட்டையும் வெள்ளணுவையும் ஃபைப்ரினையும் ஒரே இடத்துல சேர்த்துடறோம். தயிரைக் கடைஞ்சா வெண்ணெய் திரளுதே, வெண்ணெய் புதுசாவா வந்தது? இருந்ததுதான், சேர்த்து எடுத்தோம்.

வெர்ஷன் குழப்பம்

இதுக்கப்புறம் நம்ம சாஃப்ட்வேர் மாதிரியே ஆயிடுச்சு. 2006-ல் சாக்கோ என்பவர் வேகத்தை மாத்தி மாத்திச் சுத்தி சி.ஜி.எஃப். கொண்டுவந்தார். 2014-ல் வேகத்தைக் குறைச்சு ஏ-பி.ஆர்.எஃப். அப்புறம் ஊசியில் ஏத்தற ஐ-பி.ஆர்.எஃப். 2009-லயே குழப்பம் தாங்காம டோஹன் எரன்ஃபெஸ்ட் குழுவினர் வெள்ளணு இருக்கா இல்லையா, ஃபைப்ரின் வலை கெட்டியா தளர்வான்னு பார்த்து நாலு குடும்பமா வகைப்படுத்தினாங்க.

இதுல எஞ்சினியர்கள் கவனிக்க வேண்டிய ஒரு கூத்து இருக்கு. நிறைய கட்டுரையில "நிமிடத்துக்கு 2700 சுற்று, 12 நிமிடம்"னு மட்டும் போட்டிருக்கும். காலேஜ்ல படிச்சதை ஞாபகப்படுத்திக்கோங்க. விசை சுற்று வேகத்தோட வர்க்கத்தையும் ஆரத்தையும் பொறுத்தது. ஆரத்தை சென்டிமீட்டர்ல வெச்சு, சுற்று எண்ணிக்கையின் வர்க்கத்தால பெருக்கி, 0.00001118-ஆல பெருக்கினா புவியீர்ப்பைப் போல எத்தனை மடங்குன்னு வரும். அதே 2700 சுற்று, ஆரம் 8 செ.மீ. மெஷின்ல சுமார் 650 மடங்கு, 11 செ.மீ. மெஷின்ல சுமார் 900 மடங்கு. ரெண்டு ஊர்ல ரெண்டு மெஷின், "அதே முறைதான்"னு ரெண்டு பேரும் சொல்லுவாங்க, வர்ற ஜவ்வு வேற வேற!

குழாயும் முக்கியம். கண்ணாடிக்குப் பதிலா உள்ளே சிலிக்கா பூசின பிளாஸ்டிக் குழாயைப் போட்டா, அந்தச் சிலிக்காத் துகள் ஜவ்வுல ஒட்டிக்கிட்டு வரலாம்னு ஜப்பானிய ஆய்வாளர்கள் எச்சரிச்சிருக்காங்க.

திருவண்ணாமலைக்கு வந்த கதை

பி.ஆர்.பி.க்கு வேண்டிய விலையுயர்ந்த சாதனமே கட்டாயமா இருந்திருந்தா இது நம்ம ஊர் பக்கம் லேசுல வந்திருக்காது. பி.ஆர்.எஃப்.-க்கு வேண்டியது ஊசி, குழாய், மேஜை மேல வைக்கிற சின்ன சென்ட்ரிஃப்யூஜ். ரத்தப் பரிசோதனை லேப்ல இருக்கற சங்கதிதான். அதனாலதான் இந்தியப் பல் கல்லூரிகள்ல இது வேகமா புடிச்சுக்கிட்டது. 2011-ல் பெங்களூரு அரசு பல் மருத்துவக் கல்லூரிக்காரங்க, ஈறு நோயால எலும்புல விழுந்த பள்ளங்களில் பி.ஆர்.எஃப். வெச்சு, வைக்காத பள்ளங்களோட ஒன்பது மாசம் கழிச்சு ஒப்பிட்டு, வெச்ச இடத்துல எலும்பு அதிகம் நிரம்பினதா எழுதினாங்க. பெங்களூருவில் இருந்து செங்கம் வழியா பஸ் ஏறினா எங்க ஊர் ஒரு பொழுது பயணம்தான். முறையும் அப்படியே வந்து சேர்ந்துடுச்சு.

ரத்தம் எடுத்த ஒண்ணு ரெண்டு நிமிஷத்துல மெஷின் ஓடியாகணும், இல்லைன்னா தாறுமாறா உறைஞ்சுடும். நடுவுல கரண்ட் போனா அந்தக் குழாய் வீண். அதனால சின்ன ஊர் கிளினிக்ல நான் முதல்ல கேக்கற கேள்வி "இன்வெர்டர் இருக்கா?" :-)

வளர்ச்சி என்ற ரெட்டை வேஷம்

திருவண்ணாமலைன்னதும் ரமணர் ஞாபகம் வராம இருக்காது. 1948 கடைசியில் அவர் இடது கையில ஒரு சின்னக் கட்டி தெரிஞ்சது. 1949-ல் மட்டும் நாலு தடவை அறுத்து எடுத்தாங்க. ரேடியம் சிகிச்சையும் கொடுத்தாங்க. கையையே எடுத்துடலாம்னு வந்த யோசனையை அவர் ஏத்துக்கலை. ஒவ்வொரு தடவையும் திரும்ப வளர்ந்தது. சார்கோமா என்ற புற்று. 1950 ஏப்ரல் 14 அன்னிக்கு மறைஞ்சார்.

இதை ஏன் இங்கே சொல்றேன்? 1983-ல் ரெண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியா ஒண்ணைக் கண்டுபிடிச்சாங்க. குரங்குகளுக்கு சார்கோமாவை உண்டாக்கும் ஒரு வைரஸ்ல இருக்கற ஜீனும், நம்ம பிளேட்லெட்டில் இருக்கற பி.டி.ஜி.எஃப்.-ம் கிட்டத்தட்ட ஒரே அச்சு. காயத்தை ஆத்துற "பெருகு" என்ற கட்டளையும், கட்டியை வளர்க்கற கட்டளையும் ஒரே மொழி. ஒண்ணு வேலை முடிஞ்சதும் நிக்குது, இன்னொண்ணு நிக்கறதே இல்லை.

பயப்படத் தேவையில்லை. இந்தக் காரணிகள் செல்லின் வெளிப்பரப்பில் கதவைத் தட்டுறதோட சரி, மரபணுவை மாத்தறதில்லை. பி.ஆர்.எஃப். புதுசா புற்றை உண்டாக்கும்னு சான்று கிடையாது. ஆனா ஏற்கெனவே புற்று இருக்கற அல்லது சந்தேகம் இருக்கற இடத்துல வைக்க டாக்டர்கள் தயங்குவாங்க. "சொந்த ரத்தம்தானே, என்ன ஆகிடப் போகுது"ன்னு சொல்லறவங்க இதைத் தெரிஞ்சு வெச்சுக்கறது நல்லது.

சரி, பலன் இருக்கா?

இங்கேதான் கண்ணப்பரும் ஆய்வுக்கூடமும் பிரியற இடம். ஈறு நோய்ப் பள்ளங்களுக்கு இருக்கற ஆய்வுகளை 2018-ல் காக்ரேன் அமைப்பு அலசினது. சாதாரண அறுவையோடவும், எலும்புத் தூள் வைக்கும் அறுவையோடவும் சேர்த்தா கொஞ்சம் பலன் தெரியுது, வேறு சில முறைகளோட சேர்த்தா தெரியலை, மொத்தத்துல ஆதாரத்தின் தரம் குறைவுன்னு சொன்னாங்க. ஞானப்பல் புடுங்கினதும் வர்ற கொடுமையான வலியைக் (குழி காய்ஞ்சு போறது) குறைக்க உதவறதா பல ஆய்வுகள் சொல்லுது. இம்ப்ளான்ட் விஷயத்துல, முதல் சில வாரங்கள்ல பிடிப்பு கொஞ்சம் கூடுதலா இருக்குன்னு சில ஆய்வுகள் காட்டுது. பல வருஷம் கழிச்சு வித்தியாசம் இருக்கா? நிரூபணம் ஆகலை.

ஏன் ஆகலைன்னு கணக்குப் போட்டாலே தெரியும். இம்ப்ளான்ட் எதுவும் சேர்க்காமலேயே நூத்துக்குத் தொண்ணூத்தஞ்சு நிலைக்கற சமாச்சாரம். பி.ஆர்.எஃப். அதைத் தொண்ணூத்தேழா ஆக்குதுன்னே வெச்சுக்கோங்க. அந்த ரெண்டு சதவீத வித்தியாசத்தை நம்பிக்கையா கண்டுபிடிக்க ஒவ்வொரு பக்கமும் சுமார் 1500 பேர் வேணும். வந்திருக்கற ஆய்வுகள்ல பெரும்பாலானவை சில பத்து பேரை வெச்சுத்தான். ஆக "பலனே இல்லை"ன்னு சொல்லவும் முடியாது, "கட்டாயம் வேணும்"னு சொல்லவும் முடியாது.

அம்மாகிட்ட இதைத்தான் சொன்னேன். முதல்ல சர்க்கரையைக் கட்டுப்படுத்தறது, ஈறு நோய் இருந்தா அதைச் சரி பண்றது, அந்த மூணு மாசக் காத்திருப்பை மதிக்கறது. இது மூணும் இம்ப்ளான்ட் நிலைக்கறதுக்கு அஸ்திவாரம். ரத்த ஜவ்வு அதுக்கு மேல பூசற வெள்ளை. காசு இருந்தா பூசலாம், இல்லைன்னா வீடு இடிஞ்சுடாது. அம்மா டாக்டர்கிட்ட நேராவே கேட்டாங்க: "இது போடலைன்னா பல்லு நிக்காதா?" அவரும் நேர்மையா, "நிக்கும்மா"ன்னார். "அப்ப வேணாம்ப்பா"ன்னு எழுந்து வந்துட்டாங்க. இம்ப்ளான்ட் மட்டும் வெச்சாச்சு. காத்திருப்பு ஓடிட்டிருக்கு.

வேற ஒருத்தருக்கு, எலும்பு குறைவா இருந்து நிறைய சேர்த்துக் கட்ட வேண்டி இருந்தா, பதில் வேறயா இருக்கலாம். கேக்கறதுக்கு நாலு கேள்வி மட்டும் வெச்சுக்கோங்க: என் கேஸ்ல இது எதுக்கு? என்ன குழாய்? எத்தனை மடங்கு விசை? இல்லைன்னா என்ன ஆகும்? நாலாவதுக்கு நேரா பதில் சொல்லறவர்கிட்ட தைரியமா வாயைத் திறக்கலாம்.

கடைசியா ஒண்ணு. 1965-ல் முதல் இம்ப்ளான்ட் வெச்சுக்கிட்ட யோஸ்தா லார்சன் 2006-ல் இறந்தார். நாப்பது வருஷத்துக்கு மேல அதை வெச்சுத்தான் சாப்பிட்டார், பேசினார். அவருக்கு யாரும் ரத்தத்தைச் சுத்தித் தரலை. எலும்பு தானா செஞ்ச வேலை அது.

டிஸ்கி: நான் பொட்டி தட்டறவன், பல் டாக்டர் இல்லை. ஆஸ்பிரின் மாதிரி ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறவங்க, பல் வேலைக்காக அதை நீங்களா நிறுத்திடாதீங்க. உங்க டாக்டர்கிட்ட கேட்டுட்டு முடிவு பண்ணுங்க.